பசித்திரு, விழித்திரு, முன்பதிவு செய்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகருக்குப் பக்கத்தில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்ற கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. அங்கே போகிற குழந்தைக்கு வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்குப் பசிக்குமா, ஏழே காலுக்குப் பசிக்குமா என்பதை அதன் தகப்பன் 60 நாள் முன்பே தீர்மானித்தாக வேண்டும். நம் ஊர் ஜோதிடர்கள் யாரும் இவ்வளவு துல்லியத்துக்குப் பொறுப்பேற்க மாட்டார்கள்.

தகப்பன் பொறுப்பேற்கிறான். விடிகாலையில் எழுகிறான். ஆறு மணிவாக்கில் முன்பதிவு திறக்கும். அதற்கு முன்பே கணினி, இரண்டு கைப்பேசி, கடன் அட்டை சகிதம் உட்கார்ந்துவிடுகிறான். சிண்ட்ரெல்லா கோட்டைக்குள் இருக்கும் உணவகத்தில் ஒரு மேசை வேண்டும். கொஞ்சம் அசந்தால் மிஞ்சுவது இரவு ஒன்பது மணி. ஐந்து வயதுப் பிள்ளை இளவரசி வரும்போது தட்டிலேயே தூங்கி விழும். பில்லில் தூக்கத்துக்குத் தள்ளுபடி கிடையாது.

கரோனாவுக்கு முன்பு இந்தக் கெடு 180 நாள். ஆறு மாதம் கழித்து எங்கே பசிக்கும் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். இப்போது 60 நாளாகக் குறைத்திருக்கிறார்கள். நன்றி சொல்லிக் கும்பிட வேண்டியதுதான்.

அந்த 60 நாளும் எல்லோருக்கும் ஒன்றல்ல. டிஸ்னியின் சொந்த விடுதியில் அறை எடுத்தவருக்கு, அவர் வந்து இறங்கும் நாளிலிருந்து கணக்கு. தங்கப்போகும் பத்து நாள் வரைக்கும் ஒரே காலையில் மேசைகளை வளைத்துப் போட்டுக்கொள்ளலாம். அதாவது பத்தாம் நாள் இரவு உணவு அவருக்கு ஏறக்குறைய எழுபது நாள் முன்பே உறுதி. வெளியே மலிவு விடுதியில் தங்குகிறவர் நியாயமாக அறுபதாம் நாள் வரைக்கும் காத்திருந்து, நியாயமாக வெறுங்கையோடு திரும்பலாம்.

மேசை கிடைத்துவிட்டதா? கொண்டாட வேண்டாம். குறித்த நேரத்துக்குப் போனால் உங்களுக்கென்று ஒரு மேசை தயாராக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்துக் காலியாகிற மேசை உங்களுக்கு, அவ்வளவுதான். அது காலியாகும்வரை வாசலில் நிற்கலாம். நீங்கள் போகாவிட்டாலோ கதை வேறு. இரண்டு மணி நேரம் முன்பாவது ரத்து செய்யாவிட்டால் பெரும்பாலான உணவகங்களில் தலைக்குப் பத்து டாலர் அபராதம். அவர்கள் தாமதித்தால் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் ரத்து செய்யத் தாமதித்தால் அட்டையில் பணம் போய்விடும். ஒப்பந்தம் என்றால் இரண்டு பக்கமும் கட்டுப்பட வேண்டும் என்று எந்தப் பைத்தியக்காரன் சொன்னான்?

யாருக்கு இதில் லாபம்? எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு இறைச்சி வாங்க வேண்டும், எத்தனை பரிமாறுபவர்களுக்கு வேலை போட வேண்டும் என்று இரண்டு மாதம் முன்பே கம்பெனிக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தக் கணக்கை எழுதிக் கொடுத்த குமாஸ்தா நீங்கள். சம்பளம் இல்லை. எதிர்மறைச் சம்பளம் உண்டு: ஆறு பேரோ அதற்கு மேலோ உட்கார்ந்தால் பில்லோடு 18 சதவீதம் டிப்ஸ் தானாகவே சேர்ந்துவிடும். பிள்ளைக்குப் பத்து வயது ஆகிவிட்டால் அது பெரியவர், பெரியவர் கட்டணம். அமெரிக்காவில் பதினெட்டு வயதில் ஓட்டு, இருபத்தொன்றில் மது. பஃபே சாப்பிட மட்டும் பத்தே வயதில் முழு மனிதன்.

வரிசைக்கு வருவோம். சவாரிகளில் காத்திருக்காமல் ஏறுவதற்கான ஃபாஸ்ட்பாஸ் 1999-ல் வந்தபோது இலவசம். 2021-ல் அதை எடுத்துவிட்டு அதே வசதிக்குக் காசு கேட்டார்கள். 2024 அக்டோபரில் பிரீமியர் பாஸ் வந்தது. அங்குள்ள மேஜிக் கிங்டம் பூங்காவில் ஒரு நாளைக்கு, ஓர் ஆளுக்கு, 449 டாலர் வரை. நுழைவுச் சீட்டு தனி. முதலில் வரிசையை நீளமாக்கு. பிறகு வரிசையிலிருந்து விடுதலையை விற்றுக்கொள். உணவு மேசையிலும் இதே வித்தைதான். மேசை காலியானால் தகவல் அனுப்பக் காசு வாங்குகிற வெளியார் சேவைகள் முளைத்துவிட்டன. பசிக்கும் தரகர் வந்துவிட்டார்.

முன்பதிவின்போது படிக்காமலே ஒரு பெட்டியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டுகிறோமே, அந்த நிபந்தனையின் கை எவ்வளவு நீளம் என்பதை 2024-ல் உலகம் பார்த்தது. டிஸ்னி ஸ்பிரிங்ஸ் வளாகத்தில் உள்ள ஓர் உணவகத்தில் சாப்பிட்ட பெண் ஒவ்வாமையால் இறந்துபோனார். தனக்கு ஆகாதவை உணவில் இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டே அவர் சாப்பிட்டார் என்று கணவர் வழக்குப் போட்டார். டிஸ்னியின் பதில் என்ன தெரியுமா? சில ஆண்டுகளுக்கு முன் நீங்கள் எங்கள் டிஸ்னி பிளஸ் இணையப் படச் சேவையை இலவசமாகப் பார்க்கப் பதிவு செய்தீர்கள். அந்த நிபந்தனைப்படி நீதிமன்றத்துக்குப் போக முடியாது, நடுவரிடம்தான் போக வேண்டும். ஒரு மாத ஓசிப் படத்துக்கு இப்படி ஒரு விலை. ஊர் காறித் துப்பியதும் வாதத்தைத் திரும்பப் பெற்றார்கள். மனிதாபிமானத்துக்கே முதலிடம் என்று அறிக்கையும் வந்தது. முதலிடத்துக்கு அது வந்து சேர இவ்வளவு தாமதம். அதற்கும் முன்பதிவு இருந்திருக்க வேண்டும்.

1971 அக்டோபரில் டிஸ்னி வேர்ல்டு திறந்தபோது நுழைவுக் கட்டணம் 3.50 டாலர். இன்று பண்டிகை நாட்களில் 200 டாலரைத் தொடுகிறது. லெண்டிங்ட்ரீ நிறுவனம் 2024-ல் கருத்துக்கணிப்பு நடத்தியது. டிஸ்னி போய்வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அந்தப் பயணத்துக்காகக் கடன்பட்டிருக்கிறார். சொந்தச் செலவில் சூன்யம் என்போம். கடன் வாங்கிச் சூன்யம் வைத்துக்கொள்வது இதுதான்.

இதற்காகக் கம்பெனியை மட்டும் திட்டிப் புண்ணியமில்லை. மேசை கிடைத்தவன் அதைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டுகிறான். கிடைக்காதவனைப் பார்த்து, 'உனக்குத் திட்டமிடத் தெரியவில்லை' என்கிறான். கொள்ளையைப் போட்டியாக மாற்றிவிட்டால் போதும்; பணத்தைப் பறிகொடுத்தவனே பரிசு வாங்கியது போல் பல்லைக் காட்டுவான். கம்பெனிக்குக் காவலாள் செலவும் மிச்சம்.

நாளைக்குத் தண்ணீர்த் தாகத்துக்கும் முன்பதிவு வரும். முதல் நாள் காலை ஆறு மணிக்கே தீர்ந்தும் போகும். கிடைக்காமல் நிற்பவர்களுக்காக நான் வருத்தப்படுவேன். கிடைத்துவிட்டது என்று குதிப்பவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரியும்.