உங்கள் பெயர் ஏலத்தில்

பொடிக்கடை அக்காவுக்கு ஒரு நற்செய்தி: உங்கள் பெயருக்கு இப்போது நல்ல விலை. வாங்குபவர் போட்டிக் கடைக்காரர், விற்பவர் கூகுள். உங்களுக்குப் பங்கு கிடையாது. பெயர் மட்டும்தானே உங்களுடையது!

அக்கா எல்லாவற்றையும் முறைப்படி செய்தவர். பெயரைப் பதியக் கிண்டி டிரேட்மார்க் அலுவலகத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பம், பொடிக்கு 30ஆம் வகுப்பு, சிறுதொழில் சலுகைக் கட்டணம் 4,500 ரூபாய். டிரேட்மார்க் இதழில் வெளியிட்டு, ஆட்சேபிக்க ஊர் உலகத்துக்கெல்லாம் நான்கு மாதம் அவகாசம் கொடுத்து, கடைசியில் சான்றிதழும் வந்தது. பத்தாண்டுக்குச் செல்லும். சாமி படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். ஊதுபத்தி இரண்டுக்கும் பொது.

இப்போது செல்போனில் அந்தப் பெயரைத் தட்டுங்கள். முதலில் நிற்பது வேறொரு கடை, மேலே கொசுக்கால் எழுத்தில் 'ஸ்பான்சர்டு'. உள்ளே போனால் அக்கா எடுத்துப் போட்ட அதே எவர்சில்வர் டப்பா, அதே வளையல் கை, 'எங்கள் பாட்டியின் கைப்பக்குவம்' என்ற அதே வரி. படம் போதாதென்று பாட்டியையும் தூக்கிவிட்டார்கள்.

விளம்பர வாசகத்தில் பெயர் வந்தால் கூகுளிடம் புகார் செய்யலாமாம். பெயரைத் தேடுசொல்லாக விற்பதை மட்டும் நிறுத்த மாட்டார்களாம். அது கம்பெனியின் கொள்கை. வேண்டுமானால் அக்காவும் ஏலம் கேட்கலாம். வீட்டுக்காரியையே வாசலில் நிறுத்தி வாடகை பிடுங்கும் இந்த வழிப்பறிக்கு 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' என்று பெயர். அதற்குப் பயிற்சி வகுப்பும் நடக்கிறது, அதற்கும் கட்டணம்.

படத் திருட்டுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு இருக்கிறது. புகார் கொடுத்தால் படத்தை 21 நாள் நிறுத்திவைப்பார்கள். அதற்குள் கோர்ட் உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம். 21 நாளில் இங்கே வக்கீல் குமாஸ்தாகூடப் போனை எடுக்க மாட்டார்.

பெயர் விஷயத்தில், டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில், டிஆர்எஸ் லாஜிஸ்டிக்ஸ் வழக்கில், கூகுள் சும்மா வேடிக்கை பார்க்கும் ஆள் இல்லை என்று சொன்னது. ஆனால் அடுத்தவர் பெயரைத் தேடுசொல்லாக வாங்கியது மட்டுமே மீறல் ஆகாது, வாடிக்கையாளர் குழம்ப வேண்டும் என்றும் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் மேக்மைட்ரிப் வழக்கிலும் குழப்பம் இல்லை என்றே முடிந்தது. லாரி விடுகிறவர்களும் விமான டிக்கெட் விற்கிறவர்களும் டெல்லியில் வாதாடலாம். அக்கா கடையை யாரிடம் விட்டுவிட்டுப் போவார்?

குழம்பியவர் யாராவது உண்டா என்று கேட்கிறீர்களே, கனம் கோர்ட்டாரே, உண்டு. நேற்றுகூட ஒருவர் போன் போட்டுக் கத்தினார்: "என்னக்கா, இட்லிப் பொடியில வண்டு நெளியுது?" அக்கா விற்காத பொடி அது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது மட்டும் அக்கா.