ரப்பர் காட்டு ராஜா

கேள்வி: ரப்பர் தோட்டத்து மேட்டுப் பாதையில் ஓட்ட, பழைய ஜப்பான் பைக் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க ஆசை. எதைத் தேடலாம்?
- வாசகர், களியக்காவிளை

பதில்: காட்டுப்பாதை பைக்கைப் பரவலாக்கிய யமஹா டிடி-1 (1968) நம் ஊர் ஷோரூமுக்கு வரவில்லை. அதற்காக ஏங்க வேண்டாம். 1984-ல் ஓசூரில் பிறந்த இண்ட்-சுசுகி இருக்கிறது. 1985 முதல் 1996 வரை வந்த 98 சிசி யமஹா ஆர்எக்ஸ் 100 இருக்கிறது. இரண்டும் டூ ஸ்ட்ரோக். கொஞ்சம் பராமரித்தால் மேடேறும்.

வாங்குமுன் சாவி போடாமல் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். இடையில் முரண்டு பிடித்தால் நல்லது, ரிங்கில் உயிர் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு இறங்கினால் போரிங் செலவு காத்திருக்கிறது. அடுத்து, என்ஜின், சேஸிஸ் எண்களை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ஆர்.சி. பார்க்காமல் வாங்கிய பைக், பட்டா பார்க்காமல் வாங்கிய தோப்பு!

எல்லை தாண்டி, கேரளத்துப் பாறசாலையில் கிடைத்தால் தடையில்லாச் சான்றும் வாங்குங்கள். நடந்தே எல்லை கடக்கலாம்; கே.எல். நம்பருக்குக் காகிதம் வேண்டும்.

பிரேக், கார்புரேட்டர், வயரிங் முடித்த பிறகே பெயின்ட். பசித்த வயிற்றுக்குப் பட்டு வேட்டி எதற்கு?