அக்னித் தலத்தில் ஒரு மனை

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவனுக்கு வெள்ளம் என்றால் பயம் கிடையாது, வேடிக்கைதான். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் நாங்கள். ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்றால் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய் எத்தனை படி முழுகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, வந்து காபி குடிப்போம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மதகின் ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயினவே, அதையும் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நாங்கள்.

என் மனைவி மட்டும் இதில் சேர்த்தி இல்லை. அவள் புதுக்கோட்டைக்காரி. மேட்டூர் அணை நிரம்பியது என்று செய்தியில் சொன்னால் போதும், பத்திரப் பெட்டியையும் ஊறுகாய் ஜாடியையும் பரணுக்கு ஏற்றிவிடுவாள். நான் ரிட்டயர் ஆனதும் ஒரே பேச்சு: "போதுங்க இந்தத் தீவு. திருவண்ணாமலையில ரமணாசிரமத்துப் பக்கம் சின்னதா ஒரு வீடு வாங்கிடலாம்."

அவளுடைய கணக்கில் சாஸ்திரமும் இருந்தது. பஞ்சபூதத் தலங்களில் நீர்த்தலமான திருவானைக்காவல் எங்கள் தீவிலேயே இருக்கிறது; கருவறையிலேயே ஊற்று. திருவண்ணாமலையோ நெருப்புத் தலம். அங்கே போய்விட்டால் தண்ணீர்க் கவலை விட்டது.

புரோக்கரும் அதையே சொன்னார். "அக்னி தலம் சார் இது. தண்ணி எப்பிடி சார் வரும்? குடிக்கவே போர் போட்டுத்தான் எடுக்கணும்."

சித்திரை வெயில். செங்கம் சாலையிலிருந்து பிரிந்த ஒரு மண் பாதையில் மனையைக் காட்டினார். எதிரே அண்ணாமலை, மறைப்பே இல்லாமல். "மலை வியூ சார், அதுக்கே தனி ரேட்டு." வெளிநாட்டுக்காரர்கள் ஒருபக்கம், ஆந்திராக்காரர்கள் ஒருபக்கம் என்று வாங்கி வாங்கி, இந்தப் பகுதியில் மலை தெரியும் ஜன்னலுக்கும் விலை உண்டு. ஆனால் மலை நமக்குத் தெரிகிறதென்றால் மலைத் தண்ணீருக்கும் நாம் தெரிவோமே! தெற்குச் சரிவில் விழும் மழை ஆசிரமத்துப் பக்கம் இறங்கி, சாலையைத் தாண்டி, சமுத்திரம் ஏரிப் பக்கமாகப் போயாக வேண்டும். அதற்கு வேறு வழி கிடையாது.

எனக்கு முதலில் உறுத்தியது பாதைக்குக் கீழே இருந்த சிறுபாலம். ஆள் குனிந்து நுழையலாம், அவ்வளவு பெரியது. இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் மனை. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் இன்னொரு மனை. பாலம் இருக்கிறது, ஓடையைக் காணோம். மனையின் நடுவே மட்டும், அந்த வெயிலிலும், கோரை பச்சையாக நின்றது. "இயற்கையான லான் சார்" என்றார் புரோக்கர். பக்கத்து வீட்டு மதிலில் முழங்கால் உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு. "அது டிசைன்."

அந்த வீட்டு அம்மா வாசலுக்கு வந்தார். நான்கு படி ஏறித்தான் அவர் வீட்டுக்குள் போகவேண்டும். "இன்னா சாமி, எடமா பாக்குறீங்க? கார்த்திகையில வந்து பாத்தீங்களா?" என்றார். புரோக்கருக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்தது.

அன்று சாயங்காலமே புல வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். மனையின் நடுவாகவே இரட்டைக் கோடாக ஓடை வளைந்து போகிறது. கிராம நில அ-பதிவேட்டிலும் அந்தப் புல எண்ணுக்கு நேரே 'ஓடை' என்றே இருக்கிறது. பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சுத்தம். வில்லங்கச் சான்றில் அடமானம் தெரியும், வழக்கு தெரியலாம், தண்ணீர் தெரியாது.

இங்கே ஒன்றை விளையாட்டில்லாமல் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், இதே மலையின் அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தன. ஏழு பேர் போனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள்.

தீவுக்கும் மலையடிவாரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். காவிரி சொல்லிவிட்டு வரும். மேட்டூரில் 120 அடி நிரம்பித் திறந்தால் முக்கொம்புக்கு வந்து சேர ஓரிரு நாளாகும். அதற்குள் ஒலிபெருக்கி, டிவி, என் மனைவியின் பரண் எல்லாம் முடிந்துவிடும். எல்லா ஆறும் அப்படி என்று நான் வாதாட மாட்டேன். வ.உ.சி. நகர் சம்பவத்துக்கு மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி போனது. எச்சரிக்கை போதவில்லை என்று கீழே கரையோர மக்கள் குமுறினார்கள். மலை அந்த அளவுக்குக்கூட அவகாசம் தராது. மேலே கொட்டினால் கொஞ்ச நேரத்தில் கீழே வாசலில் நிற்கும்.

மனைவியிடம் வரைபடத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். "அப்போ ஸ்ரீரங்கமே தேவலையா?" என்றாள். இந்த வார்த்தையைக் கேட்கக் கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தவன் நான். இருந்தும் வாயைத் திறக்கவில்லை. அடுத்து, "மேட்டுல வாடகைக்குப் பாருங்க, அதுவும் மலைய ஒட்டி வேணாம்" என்றாள். அப்படியே ஒன்று கிடைத்தது. மலை தெரியாது. மொட்டை மாடிக்குப் போனால் கொஞ்சம் தெரியும், அதுவும் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஏறினால்.

அங்கே மனை வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சித்திரையில் பார்த்ததை வைத்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஐப்பசி கார்த்திகையில், மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடையோடு போய் நில்லுங்கள். புரோக்கர் வரமாட்டார். பக்கத்து வீட்டு அம்மா இருப்பார், அவரைக் கேளுங்கள்.