நாற்காலி வந்தாச்சு

தொழிலாளர் துறையில் ஆள் பற்றாக்குறை என்று முணுமுணுப்பவர்களுக்கு நிர்வாக நுட்பம் தெரியவில்லை. ஒரே உதவி ஆய்வாளர் தராசில் முத்திரை பார்ப்பார், குறைந்தபட்சக் கூலி கேட்பார், குழந்தைத் தொழிலாளர் தேடுவார், பிஸ்கட் பாக்கெட்டில் விலை இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பார், அண்ணாந்து பெயர்ப்பலகையில் தமிழையும் அளப்பார். பத்துப் பேரைப் போட்டால் பத்து அபிப்பிராயம் வரும். ஒருவர் என்றால் ஒரே தீர்ப்பு. அந்த ஒருவரும் மாற்றலாகிப் போனால், புகாரே இல்லாத வட்டம்!

அந்த உதவி ஆய்வாளரின் பட்டியல் 2021-இல் இன்னும் நீண்டது; தமிழ்நாட்டுக் கடைகள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்தது: நின்றே வேலை பார்க்கும் ஊழியருக்கு இருக்கை கட்டாயம். குமராட்சிக் கடைத்தெரு சட்டத்தை மதிக்கும். ஜவுளிக்கடை முதலாளி சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கினார். பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை, அவ்வளவு மரியாதை. விற்பனைப் பெண்கள் தினமும் துடைக்கிறார்கள், நின்றபடி.

ஆய்வாளர் ஒருநாள் வரத்தான் போகிறார். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோவில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு. "உட்காருங்க சார்" என்று முதலாளி உறையைக் கிழிப்பார். அவர் உட்கார்ந்து, "இருக்கை உள்ளது, பயன்பாட்டில் உள்ளது" என்று எழுதுவார். அதில் பொய் ஒன்றுமில்லையே. பேனா மக்கர் பண்ணினால், பில் போடும் பெண் நின்றவாறே தன்னுடையதைக் கொடுப்பாள்.