கார் பிறந்த ஊரில் டிராம் ஏறுகிறவள்

மன்ஹைம், ஜெர்மனி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

போன வாரம் போனில் நீங்கள் கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது. "ஏட்டி, எதுத்த வீட்டுப் பையன் அமெரிக்காவுல கார் வாங்கி, அதுமேல சாஞ்சு நின்னு போட்டோ அனுப்பிருக்கான். நீ காரு செய்யுத ஊர்ல இருந்துக்கிட்டு டிராம்லயா போற?" பின்னாலிருந்து அம்மா வேறு, "தம்பி போறதுக்குள்ளயாவது வாங்கச் சொல்லுங்க" என்றாள். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே நீங்கள் பிரேக் இன்ஸ்பெக்டரைத் திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாசியுங்கள். அக்டோபரில் இங்கே கிளம்பி வருகிறவனுக்கு உபயோகப்படும்.

கார் செய்கிற ஊர் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். கார் பிறந்த ஊரே இதுதான். 1886-இல் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை வாங்கியபோது இந்த ஊரில்தான் பட்டறை வைத்திருந்தார். இரண்டு வருஷம் கழித்து, ஆகஸ்ட் மாதத்தில், அவர் வீட்டம்மாள் பெர்த்தா இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அந்த மாதிரி வண்டி ஒன்றிலேயே அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். இங்கிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கு மேல். வழியில் எண்ணெய் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். வண்டியை ஓட்டிப் பார்க்க அரசாங்கம் எழுத்தில் கொடுத்திருந்த அனுமதி வீட்டுக்காரர் பெயரில். உலகத்தின் முதல் லைசென்ஸ் அதுதான் என்கிறார்கள். அந்த அம்மாள் இன்றைக்குக் கிளம்பியிருந்தால் தெருமுனை தாண்ட விட்டிருக்க மாட்டார்கள். முதலில் கண் பரிசோதனைச் சீட்டு எங்கே என்று கேட்டிருப்பார்கள்.

விஷயம் இதுதான். நம்மூர் லைசென்ஸ் இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம் செல்லும். ஆர்.டி.ஓ. ஆபீசில் 1,000 ரூபாய் கட்டி வாங்கிய இன்டர்நேஷனல் பெர்மிட்டில் ஒரு வருஷம் என்று போட்டிருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். குடியேறியவர்களுக்கு ஆறு மாதம்தான், புத்தகத்தில் என்ன போட்டிருந்தாலும். அந்த ஆறு மாதத்தில் நான் கார் தேடவில்லை, வீடு தேடினேன். வீடு கிடைத்தபோது லைசென்ஸ் வெறும் அட்டையாகிவிட்டது.

அதற்கப்புறம் நாட்டைப் பார்த்து நடத்துகிறார்கள். ஜப்பான்காரருக்கும் கொரியாக்காரருக்கும் பழைய அட்டையைக் கொடுத்தால் புது அட்டை. நமீபியாக்காரருக்கும் அப்படியே. என் ஆபீசில் ஒரு சிங்கப்பூர்த் தமிழர் இருக்கிறார். இரண்டு பேரும் ஒரே டப்பாவிலிருந்து தயிர்ச்சாதம் சாப்பிடுகிறோம், ஆனால் அவர் லைசென்ஸை மாற்றிக்கொண்டு போய்விட்டார். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. நமக்கு எழுத்துப் பரீட்சையும் உண்டு, ஓட்டும் பரீட்சையும் உண்டு.

அதற்கு முன்னால் முதலுதவி வகுப்பு. முக்கால் மணி நேரப் பாடம் ஒன்பது, ஒரு நாள் முழுக்க ஓடுகிறது. பொம்மையின் மார்பை அமுக்கி அமுக்கி மறுநாள் என்னால் சப்பாத்தி மாவு பிசைய முடியவில்லை. எழுத்துப் பரீட்சைக்கு ஆயிரத்துக்கு மேல் கேள்விகள் கொண்ட தொகுப்பிலிருந்து 30 கேட்பார்கள். இங்கிலீஷில் எழுதலாம், அரபியில் எழுதலாம், துருக்கியில் எழுதலாம். தமிழ் இல்லை, இந்தியும் இல்லை என்பதில் உங்களுக்கு ஒரு சந்தோஷம். பத்துப் புள்ளி வரை தப்பலாம். ஆனால் ஐந்து புள்ளிக் கேள்வி இரண்டு தப்பினால் அதோடு சரி. ரோட்டில் பந்து உருண்டு வந்தால் பின்னாலேயே குழந்தை ஓடி வரும் என்று எதிர்பார்க்க வேண்டுமாம். பந்தோடு ஆடு, கோழி, குடித்துவிட்டு வருகிறவர், கல்யாண ஊர்வலம் எல்லாவற்றையும் எதிர்பார்த்து வளர்ந்தவளுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை.

கஷ்டமெல்லாம் கையில்தான் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், அவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். ஒரு வளைவில், பழக்க தோஷம், செல்லமாக ஒரு ஹாரன் கொடுத்தேன். ஓரம் கட்டச் சொன்னார். "யாருக்கு ஆபத்து?" என்றார். யாருக்கும் இல்லை, நான் வருகிறேன் என்று சொன்னேன், அவ்வளவுதான் என்றேன். "யாரிடம்?" என்றார். தெருவில் ஒரு பூனை இருந்தது. ஆபத்து என்றால் அடிக்கலாம், ஊருக்கு வெளியே முந்தும்போது அடிக்கலாம், மற்றபடி தொடக்கூடாது. நீங்கள் பாபநாசம் பஸ்ஸில் ஒரு டிரிப்புக்கு அடித்த ஹாரனை இந்த ஊர் ஒரு வருஷத்துக்கு வைத்துக்கொள்ளும்.

அடுத்தது வலப்பக்கக்காரர் சட்டம். பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவர் முதலில் போவார். அவர் சைக்கிளில் வந்தாலும் சரி, நாம் லாரியில் இருந்தாலும் சரி. பெரிய வண்டிக்கு வழி, மீதியெல்லாம் ஒதுங்கு என்று நீங்கள் சொல்லிக்கொடுத்த ஒரே சட்டம் இங்கே செல்லாது. நாலு பக்கமும் ஒரே நேரத்தில் வண்டி வந்துவிட்டால் ஒவ்வொருவருக்கும் வலப்பக்கம் ஒருவர் இருப்பார். நாலு பேரும் நிற்பார்கள். யாராவது ஒருவர் மனம் இரங்கிக் கை காட்டினால்தான் உலகம் மறுபடி சுற்றும். நம்மூரில் அந்த நேரத்துக்குள் நாலு பேரும் போயிருப்பார்கள், ஐந்தாவதாக ஒரு ஆட்டோவும் போயிருக்கும்.

இதெல்லாம் பரவாயில்லை. என்னை அடிமையாக்கி வைத்திருப்பது பார்க்‌ஷைபே என்கிற ஒரு நீல அட்டை. காரே இல்லாத நான் இதை வாங்கி வைத்திருக்கிறேன் என்று எதிர்த்த வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அகலம் 11 சென்டிமீட்டர், உயரம் 15 சென்டிமீட்டர், நிறம் நீலம்தான், இதெல்லாம் சட்டம். நடுவில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டு, கையால் திருப்ப வேண்டும். சில இடங்களில் வண்டி நிறுத்தக் காசு கிடையாது, ஆனால் இரண்டு மணி நேரம்தான் என்று பலகை இருக்கும். எப்போது வந்தோம் என்பதை நாமே இந்த வட்டில் வைத்து, கண்ணாடிக்குப் பின்னால் தெரிகிற மாதிரி விட்டுப் போக வேண்டும். வைக்காமல் போனால் அரை மணி நேரத்துக்கே 20 யூரோ.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? வந்த நேரத்தை அப்படியே வைக்கக்கூடாது. வந்த நேரத்துக்கு அடுத்த அரை மணியில் வைக்க வேண்டும். 10:01-க்கு வந்தால் 10:30. அதாவது 29 நிமிஷம் இனாம்! இந்த நாட்டில் பையிலிருந்து கழிப்பறை வரை எல்லாவற்றுக்கும் காசு. அரசாங்கம் சட்டம் போட்டு இனாமாகக் கொடுப்பது இந்த 29 நிமிஷம் ஒன்றைத்தான் நான் பார்த்தேன். விடுவேனா?

மாடி வீட்டு அம்மாள் சனிக்கிழமைதோறும் என்னைக் கடைக்குக் காரில் கூட்டிப்போவார். 9:58-க்குப் போய்ச் சேர்ந்தால் வட்டில் 10:00, பன்னிரண்டுக்குக் கிளம்பிவிட வேண்டும். மூன்று நிமிஷம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தால் 10:01, வட்டில் 10:30, பன்னிரண்டரை வரை இருக்கலாம். ராகுகாலம் முடியட்டும் என்று அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாளே, அப்படி இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். ஆனால் நாலு நிமிஷம் உட்காரக்கூடாது. மூன்று நிமிஷத்துக்கு மேல் நின்றாலே அது நிறுத்தியதாகக் கணக்கு என்று சட்டத்தில் இருக்கிறது. எனவே 9:57-க்குப் போய்ச் சேர்ந்தால் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வர வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது குளிருகிறதே என்று இன்ஜினை ஓடவிடவும் கூடாது, அதற்கும் தடை. அதனால் ஜனவரியில், இன்ஜினை அணைத்துவிட்டு, பல் கிட்டிக்கொண்டு, அரை மணி நேரத்தை லாபம் பார்த்தோம். அந்த அரை மணியில் என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள். குளிர் விட ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து ஏழு யூரோ கொடுத்தோம்.

தானாகத் திரும்பிக்கொண்டே இருக்கிற வட்டும் விற்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். எப்போது பார்த்தாலும் இப்போதுதான் வந்த மாதிரி காட்டுமாம். அது மோசடி, பிடித்தால் சும்மா விடமாட்டார்கள். கேட்டதும் எனக்குள் நம்மூர் ரத்தம் ஒரு துள்ளு துள்ளியது, அடக்கிக்கொண்டேன். அட்டையின் ஓரம் பல் பல்லாக இருக்கும், குளிர்காலத்தில் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்ட. என்னிடம் கண்ணாடி இல்லாததால் ஃப்ரீசரைச் சுரண்டுகிறேன். நன்றாகவே வருகிறது.

இன்னொரு சட்டம் படித்தேன் அப்பா. உங்களிடம் சொல்ல வேண்டும் என்று அதைத் தனியாகக் குறித்து வைத்திருந்தேன். ஸ்டாப்பிலிருந்து பஸ் இண்டிகேட்டர் போட்டுக் கிளம்பினால் பின்னால் வருகிறவர்கள் வழிவிட்டே ஆக வேண்டும், தேவைப்பட்டால் நின்றுகூட. ஸ்டாப்பில் நிற்கிற பஸ் நாலு லைட்டையும் மினுக்கினால், எதிரே வருகிறவன்கூட நடக்கிற வேகத்தில்தான் கடக்கலாம். பரீட்சைக்காக இதை மனப்பாடம் செய்தபோது, வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, தோள் வலிக்க, ஒரு வண்டியாவது நிற்காதா என்று நீங்கள் பார்க்கிற பார்வை ஞாபகம் வந்தது. அன்றைக்கு மேற்கொண்டு படிக்கவில்லை.

கோபமும் வந்தது. இந்த ஊர் பஸ்களின் முதுகில் டிரைவர் வேலைக்கு ஆள் தேவை என்று பெரிதாக விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். தென்காசி ரோட்டில் அத்தனை வருஷம் ஆள் சேதமில்லாமல் ஓட்டிய உங்கள் ஹெவி லைசென்ஸை நாளைக்கே கொண்டுவந்தாலும், கண் பரிசோதனையிலிருந்து ஆரம்பியுங்கள் என்பார்கள். பரீட்சை வைக்கட்டும், அது நியாயம்தான். ஆனால் விண்ணப்பம் கொடுத்தால் வாரக்கணக்கில் பதிலே இல்லை. பதில் வந்தால் ஒரு காகிதம் குறைகிறது. அந்தக் காகிதத்தை வாங்கத் தேதி கேட்டால் அதற்கும் வாரக்கணக்கு. நம்மூர் ஆபீசில் யாரையாவது தெரிந்துவைத்திருப்போம். இங்கே யாரையும் தெரியாது, தெரிந்தாலும் பிரயோஜனம் இல்லை.

இனி தம்பிக்கு. அவனிடம் பைக் லைசென்ஸ் மட்டும்தானே இருக்கிறது? நாளைக்கே கார் எல்.எல்.ஆர். போடச் சொல்லுங்கள். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும். பிறகு பார்த்துக்கொள்ளலாம், லீவுக்கு வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று இழுப்பான், விடாதீர்கள். இங்கே குடியேறிய பிறகு ஊருக்கு வந்து எடுத்த லைசென்ஸை இவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்தியக் கார் லைசென்ஸால் என்ன லாபம் என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள். அது கையில் இருந்தால் முதலுதவி வகுப்பும் பரீட்சையும்தான், டிரைவிங் ஸ்கூலில் கட்டாய வகுப்பு கிடையாது. இல்லாவிட்டால் 14 எழுத்துப் பாடம், அது தவிர நெடுஞ்சாலை, ஆட்டோபான், இராத்திரி என்று 12 தனி ஓட்டம், எல்லாம் கட்டாயம். புதிதாக எடுக்கிறவர்களுக்கு 3,000 யூரோ சாதாரணமாக ஆகிறது. அவன் எச் போடுவதற்கு ஆகும் செலவில் இங்கே ஒரு மணி நேரம்கூட ஸ்டியரிங்கைத் தொட முடியாது.

அசல் லைசென்ஸ், இன்டர்நேஷனல் பெர்மிட், புது மூக்குக்கண்ணாடி, பழைய மூக்குக்கண்ணாடி இவ்வளவும் கைப்பையில் வரட்டும், பெட்டியில் வேண்டாம். பெட்டியில் அம்மா வைக்கப்போவதை அம்மாதான் முடிவு செய்வாள். அதில் தலையிட எனக்கு லைசென்ஸ் இல்லை.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளக் கூடாது. அவனுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம், டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிடுங்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்ததை மறப்பதற்கு நான் மணிக்கணக்கில் யூரோ கட்டிக்கொண்டிருக்கிறேன். ஹாரன், ஒரு கை ஸ்டியரிங், கழுத்தைத் திருப்பாமல் கண்ணாடியிலேயே பார்ப்பது எல்லாம் போயாயிற்று. பிரேக் மட்டும் நீங்களே சொல்லிக்கொடுங்கள். கம்பியைப் பிடிக்காமல் நிற்கிற கிழவிகூடச் சாயக்கூடாது என்பீர்களே, அது. எதையும் பாராட்டாத வாத்தியார் அதற்கு மட்டும் என்னிடம் "நல்லது" என்றார். ஒரே ஒரு தடவை.

பரீட்சைத் தேதி வந்ததும் போன் செய்கிறேன். அன்றைக்கு ஐயனார் கோயிலுக்குப் போகிறேன் என்று அம்மா கிளம்பினால் தடுக்காதீர்கள். ஓட்டும் பரீட்சை 55 நிமிஷம், பரீட்சை வைக்கிறவர் பின் சீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே வருவார். யாராவது ஒருவர் என் பக்கம் இருப்பது நல்லது.

இப்படிக்கு,
உங்கள் மகள்

பின்குறிப்பு: திருஷ்டிக் கயிறு, எலுமிச்சம்பழம் எதையும் தம்பியிடம் கொடுத்துவிட வேண்டாம். கண்ணாடியில் தொங்கினால் பார்வையை மறைக்கிறது என்பார் வாத்தியார். ஆனால் மாவடு ஊறுகாய் பார்வையை மறைக்காது.