விடையைச் சொல்லுங்கள், கண்டுபிடித்துத் தருகிறோம்

நேரியல் அல்லாத சமன்பாடுகளைத் தீர்த்துவைக்க, பைத்தானின் சைபை நூலகத்தில் எஃப்சால்வ் என்றொரு மகானுபாவர் இருக்கிறார். அவரிடம் போனால் முதல் கேள்வியே, "விடை எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்பதுதான். தொலைந்த சாவியைத் தேடித்தர வந்தவர், "எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்பது மாதிரி.

ஆள் பார்க்க இளசு. கற்ற வித்தையோ 1980இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகம் ஃபோர்ட்ரானில் எழுதிய மின்பேக்குடையது. வழி தவறினால், "கடைசிப் பத்துச் சுற்றில் சொல்லிக்கொள்ளும்படி முன்னேற்றமில்லை" என்று முனகிவிட்டு, கையில் அகப்பட்ட எண்ணைத் தசமப் புள்ளி சுத்தமாக நீட்டுவார். நாமும் முனகலை விட்டுவிட்டு எண்ணை மட்டும் ஆய்வறிக்கையில் ஏற்றிவிடுவோம்.

நியூட்டன் முறையின் கூத்து வேறு. ஓர் எண்ணின் கனத்திலிருந்து அதன் இருமடங்கைக் கழித்து 2 கூட்டினால் பூஜ்ஜியம், எண் எது? 0இல் தொடங்கினால் 1 வரும், மறுபடி 0, மறுபடி 1. மின்சாரம் உள்ளவரை இதே நடைதான். விடையோ -1.769 பக்கம் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே பெரியோர்களே, வந்த எண்ணைச் சமன்பாட்டில் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பூஜ்ஜியத்தை ஒட்டி வராவிட்டால், கணினி களைத்து நின்ற இடத்துக்குத்தான் விடை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.