ஊதுற பேரனுக்கு ஒரு கிழவன் யோசனை

வாடா பேராண்டி, உக்காரு. முதல் ஆல்பம் வருதாமே! எங்கியோ கும்பகோணத்துப் பக்கம் பொறந்து, புனேயில கம்ப்யூட்டர் தட்டப் போனவன், கோத்ரூட் பிளாட்டுல டிரம்பெட் பிடிச்சு ஜாஸ் ஊதற. பெருமைதான். கிழவன் சொல்றேன், கேட்டாக் கேளு.

மத்தியானம் ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் ஊதித் தொலைக்காதே. புனேக்காரன் கடையையே பூட்டிட்டுத் தூங்கற நேரம். கணபதி கரைக்கற அன்னிக்கு லக்ஷ்மி ரோட்டுல டோல் தாஷா மேளம் விடிய விடியக் காதைப் பொளந்தா அது பக்தி. நீ ஒரு ஸ்வரம் ஊதினா சொசைட்டி செக்ரட்டரி கதவைத் தட்டுவாரு.

அட்டைப் படம் பாத்தேன். செவுத்துல சாஞ்சுக்கிட்டு கேமராவைப் பாக்காம எங்கியோ பாக்கற. கடன்காரன் வர்ற திசையா?

ஒரே பாட்டு பதினோரு நிமிஷமாம். ஊது, ஊது. சிக் சாக்லேட்னு ஒருத்தர் இருந்தாரு, கோவாவுல 1916ல பொறந்த அந்தோனியோ சேவியர் வாஸ். பம்பாய் தாஜ் ஹோட்டல்ல டிரம்பெட் ஊதியே இந்தியாவோட லூயி ஆம்ஸ்ட்ராங்னு பேர் வாங்கினவர். அவர் காலத்து 78 ஆர்.பி.எம். தட்டுல பக்கத்துக்கு மூணு நிமிஷந்தான். பாவம், அதுக்குள்ள வந்த சேதியைச் சொல்லிட்டு எறங்கணும். உனக்கு அந்தத் தொல்லை இல்லே.

சினிமாவுக்கு ஊத மாட்டேன்னு சபதம் வேற! சிக் சாக்லேட்டுக்கு அந்த ரோஷமெல்லாம் கெடையாது. சி. ராமச்சந்திரா கூடச் சேந்து வேலை பாத்தாரு, 1951ல ‘அல்பேலா’ படத்துல பேண்டோட திரையிலயே வந்து நின்னாரு. அந்த ராமச்சந்திரா உன் புனேயில பாட்டுப் படிச்சவர்டா. 1958ல ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ல பத்மினியும் வைஜெயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடினாங்களே, அதுக்கு மெட்டுப் போட்டதும் அவரே. அந்த ஒரு ஆட்டத்துக்காக உன் பாட்டி என்னை வண்டி கட்ட வச்சா.

நம்மூர் நாயனக்காரரு சீவாளிக் கொத்தைத் தொங்கவிட்டுக்கிட்டு, ஜனம் பந்தியைப் பாத்து ஓடறப்பவும் தோடியை விடமாட்டாரு. நீயும் ஒரு முகூர்த்த சீசனுக்குப் புனேயில கல்யாண பேண்டுல நின்னு பாரேன். குதிரை மெரளும், மாப்பிள்ளையோட மாமன் தள்ளாடி ஆடுவான், எந்த எடத்துல ஆட்டம் நின்னு போகுதுன்னு பாத்துக்க. அந்த எடத்தைப் பாட்டுலேர்ந்து வெட்டிடு. கௌரவக் குறைச்சல்னா விடு, பதினோரு நிமிஷமும் இருக்கட்டும்.

ரிலீஸ் அன்னிக்கு முன் வரிசையில எனக்கு ஒரு நாற்காலி போடு. பாட்டு நடுவுல ஒரு சாவியை அமுக்கி எச்சித் தண்ணியை வடிக்கறியே, அப்ப மட்டும் என் வேட்டிப் பக்கம் திரும்பாதே.